சீஸ் ஆவது

அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்தவர்கள். நான். என் வீட்டுக்காரி. மகள். பக்கத்து வீட்டுக்காரர், பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தண்ணீர் கேன் போட வந்த ஆள். அப்புறம் மகன். அவனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நேரம் அவன் அங்கே இருந்தான் என்று சொல்ல முடியாது. உடம்பு மட்டும் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறிவிட்டது. கேனை உள்ளே தூக்கி வைக்க மகன் குனிந்தான். நிமிரவில்லை. ஒரு சத்தம் போட்டான். அவன் குரல் மாதிரியே இல்லை. அப்படியே சாய்ந்தான். கை கால் விறைத்தது. பிறகு உதறியது. கண் மேலே சொருகிவிட்டது. வாயோரம் நுரை.

அவனுக்கு இருபத்தைந்து வயசு. அதுவரைக்கும் தலைவலி என்றுகூடப் படுத்தவன் இல்லை.

"இரும்பு குடுங்க, இரும்பு" என்றார் பம்ப் ஆபரேட்டர்.

எல்லோரும் ஓடினோம். வீட்டுக்காரி தோசைத் திருப்பியோடு வந்தாள். மகள் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். கேன் ஆள் வண்டிச் சாவியை நீட்டினான். நான் டூட்டிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். பெரிய ஸ்பேனர். பம்ப் ஆபரேட்டர் அதை என்னிடமிருந்து வாங்கி மகன் கையில் வைத்து விரலை மடக்கி அழுத்தினார். நான் அவன் காலின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரி தோளை அமுக்கினாள். மூன்று பேர் பிடித்தும் அவன் உதறல் அடங்கவில்லை.

ஒரு உதறலில் பம்ப் ஆபரேட்டர் கை நழுவியது. ஸ்பேனரோடு அவன் கை எழும்பி அவன் வாயிலேயே அடித்தது. முன்பல் பாதி உடைந்து தெறித்தது. உதடு கிழிந்தது.

கொஞ்ச நேரத்தில் நின்றது.

"பாத்தியா. இரும்பு புடிச்சதும் நின்னுச்சி" என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கம் யாருக்கு வந்தாலும் அதைத்தான் செய்வோம். பஸ் ஸ்டாண்டில் வந்தாலும் ஒருத்தர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார். அது இல்லாமல் சும்மா நிற்கிறவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

மகன் கண்ணைத் திறந்தான். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். வாயில் ரத்தம்.

"கேன் எடுத்து வச்சாச்சா?" என்று கேட்டான்.

"வச்சிட்டேன் தம்பி" என்றான் கேன் ஆள். அவன்தான் முதலில் அழுதான்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட். தோண்டின மண்ணும் கரியும் பெல்ட்டில்தான் மைல் கணக்கில் போகும். பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக ரோலர் சுற்றும். ரோலருக்குள் பேரிங். பேரிங்கில் தூசி போய், கிரீஸ் காய்ந்து, ஒரு நாள் சுற்றாமல் நின்றுவிடும். அதற்கு நாங்கள் சொல்வது சீஸ் ஆயிடுச்சு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது முதல் வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்டேன். ரோலர் நின்றாலும் பெல்ட் நிற்காது. அதன் மேலேயே தேய்த்துக்கொண்டு ஓடும். சூடு ஏறும். கரித்தூள் பக்கத்திலேயே கிடக்கும். புகை வரும். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் பெல்ட் ஓரம் நெடுக ஒரு கயிறு இருக்கிறது, அதை இழுத்தால் பெல்ட் நிற்கும். ரோலரைக் கழற்றிவிட்டு வேறு போடலாம்.

அவ்வளவுதான் என் வேலை. நின்றதைக் கண்டுபிடிப்பது. கழற்றுவது. மாட்டுவது.

எங்கள் நிலம் அந்தச் சுரங்கத்தில்தான் போனது. நிலம் எடுத்தபோது கொடுத்த மனையில்தான், மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்தில், வீடு கட்டியிருக்கிறோம். நிலத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை என்று பேச்சு. எனக்கு வயசு தாண்டிவிட்டது. மகன் பேரைக் கொடுத்தேன். அவன் ஐடிஐ முடித்துவிட்டு அதற்காகவே காத்திருந்தான். வேறு ஊருக்குப் போகவில்லை. திருப்பூரில் கூப்பிட்டார்கள், ஓசூரில் கூப்பிட்டார்கள், போகவில்லை. அடுத்த மாதம் மெடிக்கல் என்று சேதி வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் இது.

மெடிக்கலில் தேறினால் பர்மனென்ட். தேறாவிட்டால் இல்லை. எங்களிடம் கொடுக்க இன்னொரு நிலம் கிடையாது.

கடலூரில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் போனோம். முந்தின ராத்திரி தூங்காமல் வரச் சொன்னார்கள். தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சீஷர்" என்றார். பிறகு "வலிப்பு" என்றார்.

"பல்லு எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டார்.

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"இரும்பு குடுத்தீங்களா?"

"ஆமாங்க" என்றாள் வீட்டுக்காரி.

அவர் திட்டவில்லை. தினம் கேட்கிற கதை போலிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொன்னார். இரும்பு கொடுக்கக் கூடாது. வாயில் எதுவும் வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. பிடித்து அமுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பக்கத்தில் இடிக்கிற மாதிரி இருப்பதை நகர்த்த வேண்டும். எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்க்க வேண்டும். அஞ்சு நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மாத்திரை ஒரு வேளைகூட விடக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது.

"புடிச்சா நிக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"நிக்காது. நீங்க புடிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது தானா வரும், தானா நிக்கும்."

"இரும்பு புடிச்சதும் நின்னுச்சிங்களே."

"நிக்கிற நேரத்துல நின்னுருக்கும்."

"அப்ப நாங்க இன்னா பண்றது?"

"பக்கத்துல இருங்க. டைம் பாருங்க."

அதையே இன்னொரு தடவை கேட்டேன். அதையே இன்னொரு தடவை சொன்னார்.

திரும்பி வரும்போது பண்ருட்டி வழி பஸ். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரி வரிசையாக நின்றதால் பஸ் நகரவில்லை. மகன் ஜன்னலோரம் தூங்கினான். வாய் திறந்திருந்தது. பாதிப் பல் தெரிந்தது. வீட்டுக்காரி அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மகள் என் பக்கத்தில். அவள் காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள்.

"டாக்டர் சொன்னது சீஸ்தானே?" என்று கேட்டேன்.

"சீஷர்ப்பா. ஆனா சீஸ்லருந்து வந்ததுதான்."

"பேரிங்குக்குச் சொல்றோமே, அதுவா?"

"அதேதான். உனுக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ்."

"ஏன், ஓவர்டைம் தெரியாதா எனக்கு?"

அவள் சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். பஸ் நின்றுகொண்டிருந்ததால் படித்துப் படித்துச் சொன்னாள்.

பிடிக்கிறதுக்கு அந்த வார்த்தை. போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்தாலும் அதுதான். கப்பலில் இரண்டு கயிற்றைச் சேர்த்து இறுகக் கட்டினாலும் அதுதான். மெஷினுக்குச் சொன்னது பின்னால் வந்தது, மெஷின் வந்த பிறகு. காய்ச்சலோ பயமோ ஆளைப் பிடித்தாலும் அதுவே சொல்வார்களாம்.

"நம்ம ஊட்ல இழுப்புன்னு சொல்றோம்" என்றேன். "இழுக்குதுன்னு. அவங்க புடிக்குதுன்றாங்க."

"ஆமா."

"எது புடிக்குது?"

"அது போடல" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "இத கேளுப்பா" என்றாள். "மொத மொதல்ல அந்த வார்த்தை நிலத்துக்குத்தான் இருந்துதாம். பிரெஞ்சுக்காரங்ககிட்டருந்து வந்தது. அதுக்கும் முன்னாடி வேற பாஷைல, இது என்துன்னு சபைல உரிமை கேக்கறதுக்காம். அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரன் ஊர்ல ஒருத்தன் நிலத்த இன்னொருத்தனுக்கு ஒப்படைச்சா எழுத்து கிழுத்துலாம் இல்ல. ரெண்டு பேரும் நிலத்துல போயி நிப்பாங்க. குடுக்கறவன் ஒரு கட்டி மண்ண எடுத்து வாங்கறவன் கையில வெப்பான். இல்லன்னா ஒரு குச்சி. ஊர்க்காரங்க பாத்துகினு இருப்பாங்க. அதான் அது. கையில குடுக்கறது. அப்பறந்தான் புடுங்கறதுக்குன்னு ஆயிடுச்சி."

"குடுக்கறதுதான் முன்னாடியா?"

"அப்படித்தான் போட்டுகீது."

எங்கள் நிலத்தில் கடைசியாகப் போய் நின்றது சாட்சிக்காக இல்லை. மோட்டாரைக் கழற்ற. மண் எடுத்து யார் கையிலும் வைக்கவில்லை. ஒரு அறையில் பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். மூடி இல்லாத பேனா. இப்போது வேலைக்குப் போகும்போது சில நாள் பார்ப்பேன், எங்கள் நிலம் எந்தப் பக்கம் இருந்தது என்று. தெரியாது. மேல் மண்ணைத் தோண்டி வேறு பக்கம் கொட்டியாகிவிட்டது. கீழே கரியையும் எடுத்தாகிவிட்டது. நிலம் இருந்த இடம் இப்போது காற்று.

லாரி நகர்ந்தது. பஸ்ஸும் நகர்ந்தது. மகன் எழுந்து, "பண்ருட்டி வந்துட்டமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கினான்.

மெடிக்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பம்ப் ஆபரேட்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லாதீங்க" என்றார். "மாத்திரை போடறான் இல்ல? அப்பறம் இன்னா. ரத்தம், மூத்திரம், கண்ணு, காது, நெஞ்சு பாப்பான். இத எவன் பாக்கப் போறான்?"

"பல்லு?" என்றாள் வீட்டுக்காரி.

"கேன் மேல வுழுந்தான்னு சொல்லுங்க. பொய்யா அது? கேன் பக்கத்துலதான வுழுந்தான்?"

"நீங்க ஸ்பேனர குடுத்தீங்கன்னு சொல்லவா?" என்றான் மகன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "நல்லதுக்குத்தானடா குடுத்தேன்."

"தெரியும் மாமா. சும்மா சொன்னேன். டீ குடிங்க."

அவர் போன பிறகு மகன் என்னைப் பார்த்தான். நான் சொல்லாதே என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ, சொல் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ. "காலையில வெறும் வயித்துல போவணும்" என்றேன்.

மறுநாள் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். இன்னும் நாலைந்து அப்பன்கள் நின்றார்கள். எல்லோரும் நிலம் கொடுத்தவர்கள். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டோம். இப்போது இல்லாத ஊர்ப் பேரைத்தான் எல்லோரும் சொன்னோம்.

மகன் மத்தியானம் வெளியே வந்தான். சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தான்.

"சொல்லிட்டேன்பா" என்றான்.

"கேட்டாங்களா?"

"பல்லு எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டாரு. கேன்னு சொல்ல வாய் எடுத்தேன். வரல."

"ஏன்?"

"உனுக்குத் தெரியாதா? பெல்ட் பக்கத்துல வேலை பாத்துகினு இருக்கும்போது நான் வுழுந்தா?"

எனக்குத் தெரியும். பெல்ட்டில் துணி மாட்டினவனைப் பார்த்திருக்கிறேன். கயிற்றை இழுத்தும் பெல்ட் உடனே நிற்காது. கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். அதை அவனிடம் நான்தான் எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒரு வருஷம் மாத்திரை போட்டு, ஒருக்காகூட வராம இருந்துச்சின்னா, டாக்டர்கிட்ட எழுதி வாங்கிகினு வரச் சொன்னாங்க. அப்ப திரும்பப் பாக்கலாம்னாரு. அதுவரைக்கும் பேரு இருக்கும்."

ஒரு வருஷம். வந்த நாளிலிருந்து கணக்கு. ஒரு தடவை வந்தால்கூட முதலிலிருந்து.

அந்த ஒரு வருஷம் வீட்டில் ஒவ்வொருத்தரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். வீட்டுக்காரி அவன் கையில் இரும்புக் காப்பு மாட்டினாள். மகள் சண்டை போட்டாள். "இருந்துட்டுப் போவட்டும்" என்றான் மகன், "எனக்கு டாக்டர் குடுத்தது மாத்திரை. இந்தக் காப்பு அம்மாவுக்கு மாத்திரை." மகள் போனில் காலை, ராத்திரி அலாரம் வைத்தாள். பம்ப் ஆபரேட்டர் தினமும் கேட்டிலிருந்து, "இன்னிக்கு எப்படி ஓடுது?" என்று மோட்டாரைக் கேட்பது போலக் கேட்பார். "ஓடுது மாமா, லோடு கம்மி" என்பான் இவன். மந்தாரக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குப் போனான். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

நான் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. டூட்டி முடிந்து வருவேன். செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். உள்ளே போய் முகத்தைப் பார்ப்பேன். அவன் சாப்பிடும்போது தட்டு சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பேன். "இன்னாப்பா?" என்பான். "ஒன்னுமில்ல" என்பேன். வேலையில் ஒரு பேரிங் கெடப்போகிறது என்றால் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். சத்தம் மாறும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு தெரியும். அவனிடம் அப்படிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சூடு எதுவும் தெரியவில்லை. ராத்திரி அவன் புரண்டால் முழித்துக்கொள்வேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பத்து மாசம் போனது. தை பிறந்தது.

தைப்பூசத்துக்கு வடலூர் போக வேண்டும் என்றாள் வீட்டுக்காரி. விடியற்காலை ஜோதியை மகன் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். அதற்கு ராத்திரியே போய் இருக்க வேண்டும். அன்றைக்கு வடலூரில் நிற்கக்கூட இடம் இருக்காது.

"தூக்கம் கெடக்கூடாதுன்னு சொல்லிகீறாரும்மா" என்றாள் மகள்.

"ஒரு நாள்தான. நல்லதுக்குத்தான போறோம்."

"உன் சாமி நம்ம வூட்ல தூங்கறவனுக்குத் தெரியமாட்டாரா?"

"வாய மூடுடி."

"பஸ்ல தூங்கிக்கறேன்" என்றான் மகன். அவனால் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னையும் கேட்டார்கள். போய்ட்டு வாங்க என்று நான் சொல்லவில்லை. போவாதீங்க என்றும் சொல்லவில்லை. அவளும் பத்து மாசமாகத் தூங்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அம்மாவும் மகனும் போனார்கள். மறுநாள் காலையில் வந்தார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லையாம். நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். அவன் நெற்றியில் விபூதி. நன்றாகத்தான் இருந்தான். ஜோதி நன்றாகத் தெரிந்தது என்றான். கூட்டத்தில் ஒருத்தர் இவன் தோளில் குழந்தையை ஏற்றிவிட்டார், குழந்தை இறங்கமாட்டேன் என்றது என்று சொல்லிச் சிரித்தான். மாத்திரை போட்டான். படுத்தான். பதினோரு மணிக்கு எழுந்து கடைக்குப் போகிறேன் என்றான். இன்னும் தூங்கு என்றேன். ஒருத்தர் போனுக்கு வந்து நிற்பார் என்றான்.

வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகள் காலேஜில். பம்ப் ஆபரேட்டர் பெண் வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு அன்றைக்கு ஆஃப். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவன் தலை சீவிக்கொண்டிருந்தான்.

அந்தச் சத்தம் வந்தது.

நான் எழுந்து போவதற்குள் பாயின் மேல் விழுந்துவிட்டான். ஸ்டூலை நகர்த்தினேன். ஒருக்களித்துத் திருப்பினேன். சட்டை மேல் பட்டனைக் கழற்றினேன். சீப்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சுவரில் கடிகாரம் என் முதுகுப் பக்கம் இருந்தது. திரும்பினால் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். கையை என் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டேன். அது தானாக அவன் தோளுக்குப் போகிறது. திரும்ப எடுத்து வைத்தேன். திரும்பப் போகிறது. இருபது வருஷமாக நின்றதைக் கழற்றி ஓட வைத்த கை. தெருவில் யாரோ இஞ்சி பூண்டு விற்றுக்கொண்டு போனார்கள். அவர்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது. எண்ணிக்கொண்டே இருந்தேன். அவன் உதடு நீலமாகியது. எண்ணினேன். நாற்பதில் நிற்கும் என்று நினைத்தேன். அறுபதில் நினைத்தேன். அப்புறம் நினைக்கவில்லை.

நின்றது. குறட்டை மாதிரி மூச்சு விட்டான். துண்டால் வாயைத் துடைத்தேன். உடுப்பில் ஈரம் ஒன்றும் இல்லை. நாக்கு கடிபடவில்லை. பல் இன்னொன்று உடையவில்லை. பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான்.

ரொம்ப நேரம் கழித்துக் கண் திறந்தான். ஃபேனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரும் இல்லை. கதவு ஒருக்களித்து இருந்தது. அந்த வீட்டில் நடந்தது என்ன என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன். ஒரு வருஷக் கணக்கு முடிய இன்னும் இரண்டு மாசம்கூட இல்லை.

"தூங்கிட்டனாப்பா?" என்று கேட்டான்.

நான் அவன் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டேன். அவன் காத்திருந்தான். அப்புறம் எண்ணியதைச் சொன்னேன்.

நூற்றுப் பதினாறு.